'இரண்டில் ஒன்று' என்றும் எழுதலாம்

2018/19 பெரும்போகத்தில் அம்பாறை, மொனராகலை, அநுராதபுரம் பக்கத்துச் சோளத்தைத் தின்றுகொண்டு வந்த சேனா படைப்புழு, வன்னிக்கு வந்து சேர அதிக காலம் எடுக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அந்தப் பூச்சி 2016 இல் மேற்கு ஆபிரிக்காவில் பதிவானது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கையிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ஓரிரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கக்கூடிய அந்துக்குப் பாக்குநீரிணை ஒரு தடையே இல்லை. இன்று செட்டிகுளத்தில் சோளம் விதைக்கும் கமக்காரர்களுக்கு அதன் பெயர் பழகிவிட்டது. ஒரு பூச்சியின் பெயர் இவ்வளவு விரைவாக ஊரெங்கும் தெரியவந்தது நல்லதுதான். ஆனால் அப்படிப் பரவுகிற பெயர் அக்கம்பக்கத்துப் பெயர்களையும் விழுங்கிவிடும். சோளக் குருத்தில் ஓட்டை கண்டாலும் சேனா, நாற்றுமேடை ஒரே இரவில் மொட்டையானாலும் சேனா, முற்றத்து மின்குமிழடியில் சாம்பல் நிற அந்தொன்று வந்து விழுந்தாலும் சேனா என்று சொல்லிவிடுவது எளிது. வாய்ப்பேச்சில் இது பெரிய குற்றமில்லை. அதே பேச்சு அறிக்கையாகி, மாணவரின் செயற்றிட்டமாகி, மாகாணப் புள்ளிவிவரத்தில் எழுத்தாக ஏறும்போது சிக்கலாகிறது. வன்னியின் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்ய முன்வருபவருக்கு எத்தனை பெயர் தெரியும் என்பது இரண்டாவது கேள்வி. எந்த இடத்தில் பெயர் சொல்வதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா என்பதே முதற் கேள்வி.

வெங்கலச்செட்டிகுளம் பிரதேச செயலகப் பிரிவு வவுனியா மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மன்னார், இன்னொரு பக்கம் அநுராதபுரம். அருவியாறும் அதையொட்டிய காடுகளும் தென்மேற்கே வில்பத்து வரை அதை இணைக்கின்றன. குளங்களுக்குக் கீழே நெல், மேட்டுக்காணிகளில் உழுந்து, பயறு, கச்சான், சோளம், தோட்டங்களில் மிளகாய், கத்தரி. இந்தப் பயிர்கள் பலவற்றிலும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும் அந்துக்கள் உண்டு. சேனாவின் சொந்தப் பேரினமான ஸ்பொடொப்டெராவிலேயே நமக்கு நெடுங்காலமாகப் பழக்கமான இரண்டு இருக்கின்றன. இலை வெட்டிப் புழுவாகப் பல பயிர்களில் வாழும் லிட்டூரா ஒன்று. நெல் நாற்றைக் கூட்டமாக மேயும் மொரிசியா மற்றது. மிளகாய்க் காயைத் துளைக்கும் புழு ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவாகவும் இருக்கலாம், ஹெலிகோவெர்பா அசல்ட்டாவாகவும் இருக்கலாம். வயலில் இலையை மடித்து அதற்குள் இருந்து சுரண்டும் புழுவை 'மடிச்சுக்கட்டி' என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கும். அவற்றில் பட்னாலிஸ் என்ற இனத்தை அறிவியல் தனியாகப் பிரித்துப் பெயரிட்டதே 1981 இல்தான். ஆசிய வயல்களில் அதுவரை அதன் புழுக்களும் மெடினாலிஸ் என்ற இனத்தின் கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தன.

இந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை ஒரு புழுவைக் கையிலெடுத்துப் பார்த்தால் தெரியும். சேனாவை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் காட்டப்படுவது தலையிலுள்ள வெளிறிய கோடு, ஆங்கில 'வை' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல. அது உண்மையான அடையாளம்தான். ஆனால் அந்தக் கோடு ஓடுவது தலையோட்டின் இயல்பான பொருத்து வழியே. அதே பொருத்து சேனாவின் உறவினப் புழுக்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஹெலிகோவெர்பாவிலும் மித்திம்னா என்ற பேரினத்திலும் அது மங்கலாகவோ தெளிவாகவோ தெரியும். ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உடலின் பின்முனைக்குப் போக வேண்டும். கடைசிக்கு முந்திய துண்டத்தின் முதுகில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். அதற்கு முன்னுள்ள துண்டங்களிலோ அதே நான்கு புள்ளிகள் முன்னிரண்டு நெருங்கியும் பின்னிரண்டு விலகியும் சரிவகமாக நிற்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் சேனா என்பதற்கு நல்ல ஆதாரம். லிட்டூராவின் முதுகில் அந்தச் சதுரம் இல்லை. பக்கங்களில் இருண்ட பிறை வடிவத் திட்டுகளும் முதுகோரத்தில் மஞ்சள் கோடும் இருக்கும். இவ்வளவும் வளர்ந்த புழுவுக்கு. முட்டையிலிருந்து வந்து இரண்டு மூன்று நாளான, நகக்கண் அளவுகூட இல்லாத பச்சைப் புழுவில் கோடும் தெளிவில்லை, சதுரமும் தெளிவில்லை. கமக்காரருக்குப் பதில் மிகவும் தேவைப்படுவதும் அந்த நாட்களில்தான்.

அந்தாக மாறிய பிறகு நிலைமை இன்னும் மோசம். சேனாவின் ஆண் அந்து ஓரளவு கருணை காட்டும்: முன்னிறகின் நுனியில் வெண்ணிற முக்கோணத் திட்டு, நடுவில் சாய்ந்த வெளிர்நிற நீள்வட்டம். பெண் அந்தில் இவை மங்கி, பொதுவான சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். மொரிசியாவின் ஆணைக் கண்டுபிடிக்க முன்னங்காலில் அடர்ந்த மயிர்க்குஞ்சம் உதவும். அதன் பெண்ணிடம் அதுவும் இல்லை. விளக்கடியில் இரண்டு மூன்று இரவு அடிபட்டுச் செதில் உதிர்ந்த பெண் அந்துகளை அருகருகே வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். பெரமோன் பொறி வைத்தால் தீர்ந்ததே என்று தோன்றும். குறித்த இனத்தின் ஆணை மட்டும் இழுக்கும் மணம்தானே அது. நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. சேனாவுக்கென்று வைத்த பொறியில் மித்திம்னா லோறேயி என்ற வேறோர் அந்தும் வந்து விழுவது ஆபிரிக்காவிலும் சீனாவிலும் பதிவாகியிருக்கிறது. அதன் இறகு வைக்கோல் நிறம். சேனாவை நன்றாகத் தெரிந்தவர் பிரித்துவிடுவார். ஒட்டும் பசையில் சிக்கி இறகு கிழிந்த குவியலை எண்ணிப் பார்ப்பவர் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுவார். பொறியின் எண்ணிக்கை ஏறினால் மருந்து அடிக்கச் சொல்வது வழக்கம். அப்படியானால், வராத பூச்சிக்கும் ஒரு தடவை மருந்து அடிக்கப்படும்.

பெயர் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகில் நல்ல சாட்சிகள் இருக்கின்றன. பிரேசிலின் சோளத்தில் ஹெலிகோவெர்பா சீயா என்ற இனம் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதன் மறுபிறவிபோல இருக்கும் ஆர்மிஜெரா, நம் நாட்டு மிளகாயையும் பயறையும் துளைக்கும் அதே இனம், பழைய உலகத்துக்குரியது. 2012/13 பருவத்தில் பிரேசிலின் சோயா, பருத்தி வயல்களில் வழக்கமான மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகின. அவை ஆர்மிஜெரா என்பது 2013 இல்தான் உறுதியானது. பிறகு ஆய்வாளர்கள் பழைய சேகரிப்புகளைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தபோது 2008 இல் பிடித்துவைத்த மாதிரிகளுக்குள்ளேயே ஆர்மிஜெரா இருந்தது தெரியவந்தது. ஐந்து ஆண்டுகள் அந்தப் பூச்சி இன்னொன்றின் பெயரில் அந்த நாட்டில் வாழ்ந்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டு. பிழையான பெயர் ஐந்து ஆண்டு காலத்தைத் தின்றது என்பது ஒன்று. பிழையைத் திருத்த முடிந்தது யாரோ அந்துகளை ஊசி குத்தி, திகதியும் இடமும் எழுதிப் பெட்டியில் வைத்திருந்ததால் என்பது மற்றது. புழுவின் பெயரை மட்டும் தாளில் எழுதிவைத்திருந்தால் அந்த ஐந்து ஆண்டுகளை யாராலும் மீட்டிருக்க முடியாது.

கத்தரியில் நடந்தது இதன் மறுபக்கம். கத்தரிக்காய்த் துளைப்பான் லூசினோடெஸ் ஓர்போனாலிஸ் தெற்காசியக் கமக்காரருக்கு அறிமுகம் தேவையில்லாத பூச்சி. ஆபிரிக்காவிலும் அது இருப்பதாகப் பட்டியல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த காய்களில் பிடிபட்ட புழுக்களையும் அந்துகளையும் மரபணுவும் இனப்பெருக்க உறுப்பும் பார்த்து ஆராய்ந்த ஒரு குழு 2015 இல் வெளியிட்ட முடிவு அந்தப் பட்டியல்களைக் கவிழ்த்தது. சகாராவுக்குத் தெற்கே இருந்தவை அதுவரை பெயரிடப்படாத இனங்கள் பலவும் உட்பட வேறு இனங்கள். ஆசிய ஓர்போனாலிஸ் அவற்றில் இல்லை. இல்லாத பூச்சி இருப்பதாக எழுதப்பட்டிருந்தால், அந்தப் பூச்சி உண்மையில் வந்து சேரும் நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். தாவரத் தொற்றுத்தடுப்பு என்ற ஏற்பாடு முழுவதும் 'இது நம்மிடம் இல்லை' என்ற ஒரு வாக்கியத்தின் மீது நிற்கிறது. பிழைப்பெயர் அந்த வாக்கியத்தைத்தான் முதலில் பொய்யாக்குகிறது.

வவுனியாவுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே ஒரு களை மூலம் கிடைத்திருக்கிறது. பார்த்தீனியம் இலங்கையில் முதன்முதலாகப் பதிவானது 1999 இல், வவுனியாவில். 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப் படையினருக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. அது சரியென்றால் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அந்தச் செடி வீதியோரத்தில் பூத்துக் காய்த்து விதை சிந்திக்கொண்டிருந்தது. அது செடி, பகலில், ஒரே இடத்தில், வெள்ளைப் பூவோடு நின்றது. இரவில் பறந்து பகலில் மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் பழுப்பு நிற அந்து எத்தனை ஆண்டுகள் மறைந்திருக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம்மிடம் பழைய அடித்தளம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரெடெரிக் மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சித் தொகுதிகள் மூன்றும் 1880 முதல் 1887 வரை இலண்டனில் வெளிவந்தன. பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்களின் சித்திரங்களே அவற்றின் உயிர். அதன் பிறகு ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை எழுதிய நான்கு தொகுதிகள் இந்தியா, பர்மாவோடு இலங்கையையும் சேர்த்துக்கொண்டன. ஆனால் அந்தக் காலத்துச் சேகரிப்பு பெரும்பாலும் தோட்டத் துரைமார் வாழ்ந்த மலைநாட்டையும் ஈரவலயத்தையும் சார்ந்தது. வன்னிக் காட்டுக்குள் விளக்கோடு போனவர் குறைவு. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி நிரம்பவில்லை. போர் நடந்த 1983 இலிருந்து 2009 வரை இரவில் வெளியே விளக்கேற்றிவைத்துக்கொண்டு இருப்பது இங்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். போரின் இறுதியில் செட்டிகுளத்தில் காடு வெட்டி இடம்பெயர்ந்தோருக்காக அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அந்தக் காட்டில் என்னென்ன அந்துகள் இருந்தன என்பதை இனி எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. அங்கே அடைபட்டிருந்த மனிதரின் துயரத்தின் முன் இதைப் பெரிய இழப்பென்று யாரும் வாதிடமாட்டார்கள். என்றாலும், ஓர் இடத்தின் பழைய நிலை எழுதப்படாவிட்டால் புதிதாக வந்தது எது, போனது எது என்று பிறகு பிரித்தறிய வழியில்லை என்பதற்கு அதைவிட அருகில் எடுத்துக்காட்டு கிடைக்காது. இப்படி வெறுமையாக இருக்கும் இடத்தில் முதலில் எழுதப்படும் பெயர்களுக்குத் தனிப் பலம் உண்டு. மற்ற இடங்களில் ஒரு பிழைப்பெயரை ஆயிரம் சரியான பதிவுகள் அமுக்கிவிடும். இங்கே அது தனியே நிற்கும். பின்னால் வருபவர் அதைப் பார்த்தே எழுதுவார்.

ஆகவே இங்கு தொடங்கும் எந்தப் பதிவேட்டிலும் பெயருக்கு மூன்று படிகள் வேண்டும். கண்ணால் பார்த்தே உறுதிப்படுத்தக்கூடிய இனத்துக்கு முழுப் பெயர். ஒத்த இனங்களில் ஒன்று என்பது மட்டும் நிச்சயமென்றால் 'லிட்டூரா அல்லது மொரிசியா' என்று இரண்டையும் எழுதுவது. அதுவும் முடியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துவது. பிரித்தானியாவில் அந்துப் பதிவு செய்வோர் இதைப் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். கிறே டாகர், டார்க் டாகர் என்ற இரண்டு அந்துகளை இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் பிரிக்க முடியாது என்பதால், பார்க்காதவர் இரண்டையும் சேர்த்து ஒரு கூட்டுப் பெயரில் எழுதுவார். அதில் வெட்கம் இல்லை. அந்த இரண்டின் புழுக்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோல இருக்கும். அப்படிப்பட்ட பொறுமையான பதிவுகளும் றொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தின் விளக்குப் பொறிகளும் சேர்ந்தே, 1968 முதல் 2017 வரையான 50 ஆண்டுகளில் அந்த நாட்டின் பெரிய அந்துகளின் மொத்தத் தொகை மூன்றிலொரு பங்கு குறைந்துவிட்டதைக் காட்டின. டாகர் அந்துகளின் கதை நமக்கும் ஒரு வழியைக் காட்டுகிறது. அந்தில் தெரியாதது புழுவில் தெரியலாம், புழுவில் தெரியாதது அந்தில் தெரியலாம். மிளகாய்க் காயிலிருந்து எடுத்த புழுவை அதே காயோடு போத்தலில் வைத்து, வாயை வலைத்துணியால் கட்டி, கூட்டுப்புழுவாகி அந்தாகும் வரை வளர்த்தால் பயிர், புழு, அந்து மூன்றும் ஒரே பதிவில் இணையும். பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு இதைவிட மலிவான பயிற்சி கிடையாது. அந்து வெளிவந்ததும் உலர்த்தி, திகதி, இடம், பயிர் எழுதிய சிட்டையோடு பெட்டியில் வைக்க வேண்டும். பிரேசிலை மீட்டது அப்படிப்பட்ட சிட்டைதான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. கமக்காரருக்குப் பெயர் எதற்கு, எல்லாம் புழுதானே, மருந்து ஒன்றுதானே என்பது. மருந்து ஒன்றல்ல; அடிக்கும் இடமும் நேரமும்கூட ஒன்றல்ல. சேனா சோளக் குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாயை அடைத்துக்கொள்ளும். குருத்துக்குள் போகாத மருந்து வீண். லிட்டூராவின் வளர்ந்த புழு பகலில் மண்ணில் ஒளிந்து இரவில் மேயும். வெயிலில் இலைமேல் அடித்துப் பயனில்லை. நாற்றுமேடையில் மொரிசியா என்றால் தண்ணீரைக் கட்டி மேடையை மூழ்கடித்து, மேலேறும் புழுவை வாத்துக்கும் பறவைக்கும் விட்டுவிடலாம். மருந்துச் செலவே இல்லை. மிளகாயில் இருப்பது அசல்ட்டா என்றால் அது மிளகாய், புகையிலைக் குடும்பத்தோடு நின்றுவிடும். ஆர்மிஜெரா என்றால் பக்கத்துக் காணியின் பயறும் கணக்கில் வரும். சேனா அமெரிக்காவிலிருந்து வரும்போதே சில பழைய நஞ்சு வகைகளுக்கு எதிர்ப்பையும் மரபில் சுமந்து வந்தது. லிட்டூரா இங்கேயே வேறு நஞ்சுகளுக்குப் பழகியது. சேனா நெல்லையும் தின்னக்கூடியது, பிலிப்பைன்சில் அது நெல்லில் பதிவாகியும் இருக்கிறது. நெல்லை நம்பி வாழும் வன்னியில், நாற்றைத் தின்றது நமக்குப் பழக்கமான மொரிசியாவா, புதிதாகப் பயிர் மாறிய சேனாவா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பெட்டி மாதிரியாவது இருக்க வேண்டும்.

கைப்பேசியில் படம் எடுத்தால் செயலியே பெயர் சொல்கிறதே என்பது இளையவர்களின் மறுப்பு. அந்தச் செயலிகள் உதவாதவை என்று ஒதுக்குவது மூடத்தனம். ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றால் உலகமெங்கும் கோடிக்கணக்கான பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. அந்து எது, பட்டாம்பூச்சி எது, எந்தக் குடும்பம் என்பது வரை அவை பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் செயலி தான் பார்த்துப் பழகிய படங்களைக் கொண்டே சொல்லும். பிற நாடுகளில் அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பெயரே வன்னியில் அபூர்வமாகப் படமெடுக்கப்பட்ட இனத்தின் மேல் விழும். அதைவிட அடிப்படையான தடை ஒன்றுண்டு: சில இனங்களைப் பிரிக்கும் அடையாளம் படத்தில் இல்லவே இல்லை. ஆசியாவின் லிட்டூராவையும் ஆபிரிக்காவின் லிட்டொறாலிஸையும் எவ்வளவு நல்ல கமராவாலும் பிரிக்க முடியாது. 1960கள் வரை நூல்களே இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தன. வயிற்றின் நுனியை வெட்டி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டுச் சூடாக்கி, சதை கரைந்தபின் எஞ்சும் கடினமான இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே வழி. மரபணுவும் கடைசி நீதிமன்றம் ஆகிவிடாது. சேனாவில் சோள வகை, நெல் வகை என்று தோற்றத்தில் வேறுபாடே இல்லாத இரண்டு உண்டு. ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்த கூட்டத்தில் தாய்வழி மரபணு ஒரு வகையைச் சொல்ல, கருவிலுள்ள மரபணு மற்ற வகையைச் சொல்லும் அந்துகள் ஏராளம். ஆய்வுகூடமே 'இரண்டில் ஒன்று' என்று எழுத வேண்டிவரும் இடம் இது.

உயிரைக் கொன்று பெட்டியில் வைப்பது தேவையா என்ற கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளக் கூடாது. விளக்குக்கு வரும் அந்துகளில் மிகப் பெரும்பாலானவற்றை எண்ணி, படமெடுத்து, விடிவதற்குள் விட்டுவிடலாம். கண்ணால் பிரிக்க முடியாத இனங்களில் மட்டும், ஓர் இடத்தில் ஒரு பருவத்தில் சில மாதிரிகள் போதும். கூட்டம் கூட்டமாக முட்டையிடும் பூச்சியின் தொகையை அது தொடாது. ஒரு தேவையற்ற மருந்தடிப்பு அதைவிடப் பல மடங்கு உயிர்களைக் கொல்லும், நன்மை செய்யும் குளவிகளையும் சேர்த்து. வில்பத்து போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எதையும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. பணமும் ஆளும் எங்கே என்பாரும் உண்டு. வெள்ளைத் துணி, மின்குமிழ், போத்தல், ஊசி, குறிப்பேடு ஆகியவற்றின் செலவு ஒரு மருந்துப் போத்தலின் விலைக்குள் அடங்கும். ஆளுக்குப் பஞ்சமில்லை: விவசாயப் போதனாசிரியர்கள் இருக்கிறார்கள், வவுனியாவில் விவசாயப் பாடசாலை இருக்கிறது, கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம், செட்டிகுளத்துக்குப் போகும் அதே மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. உண்மையில் இல்லாதவை இரண்டுதான்: ஈரமும் எறும்பும் பூஞ்சையும் அணுகாத ஓர் அறை, அதற்குப் பொறுப்பாக மாற்றலாகிப் போகாத ஓர் ஆள். மாதிரியைச் சேர்ப்பது ஒரு மழைக்காலத்து வேலை, அதைக் காப்பது முப்பது ஆண்டு வேலை. பல்கலைக்கழகம் பொறுப்பேற்க வேண்டியது அந்த இரண்டாவது வேலையை.

கடினமான மறுப்பு அலுவலகத்திலிருந்து வரும். 'இரண்டில் ஒன்று' என்று எழுதிய பதிவை எந்தக் கட்டத்தில் போடுவது, மேலிடம் கேட்பது ஒரு பெயரும் ஓர் எண்ணும்தானே, ஐயத்தை வைத்துக்கொண்டு எப்படித் திட்டமிடுவது என்பார்கள். ஐயம் எழுதப்பட்ட இடத்தில் அது தகவலாகிறது. செட்டிகுளத்தில் ஒரு பெரும்போகத்தில் பதிவான நாற்றுமேடைப் புழுக்களில் 'மொரிசியா' என்று உறுதியானவை இத்தனை, 'மொரிசியா அல்லது சேனா' என்றவை இத்தனை என்று இரண்டு வரிசையில் எண்கள் போனால், எந்தக் குளத்துக்குக் கீழுள்ள வயல்களில் இரண்டாவது எண் பெரிதாகிறது என்பது தாளிலேயே தெரியும். ஆய்வுகூடத்தில் ஒரு நாளில் பார்க்கக்கூடிய மாதிரிகள் சிலதான். முதலில் அந்த வயல்களின் மாதிரிகளைத்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேனா என்று எழுதிய அறிக்கையில் அந்த வயல்கள் தனியே தெரியப்போவதில்லை. மாகாண விவசாயத் திணைக்களம் அடுத்த பெரும்போகத்துக்குப் பதிவுப் படிவம் அச்சிடும்போது இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்க்கட்டும்: 'வேறு எதுவாக இருக்கலாம்' என்று ஒன்று, 'மாதிரி எங்கே இருக்கிறது' என்று மற்றொன்று.